வத்தளைச் சேறு

வியாழக்கிழமை காலை ஸ்ரனிஸ்லாஸை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தபோது, அவருக்கு முன்னால் அவருடைய மனைவி பேர்ணடெற்றின் குரல்தான் உள்ளே வந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றும், சொன்னால் கேட்கிற மனுஷன் இல்லை என்றும், பனடோலை விழுங்கிவிட்டு ஸ்பீக்கர் பெட்டி தூக்கப் போனவர் என்றும், காலையில் எழுப்பினால் தன்னைப் பார்த்து "அம்மா" என்று கூப்பிட்டவர் என்றும் அந்தக் குரல் வாசலிலிருந்து கட்டில்வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தது. அதற்குப் பின்னால்தான் தள்ளுகட்டில் வந்தது. அதில் சாம்பல் பூத்த முகத்தோடு ஸ்ரனிஸ்லாஸ் கிடந்தார்.

அன்று காலை பொறுப்பாக நின்றவள் தனுஷியா. வெள்ளவத்தைப் பெண். நிபுணருக்குக் கீழே வேலை செய்கிற ரெஜிஸ்ட்ரார் டொக்டராக அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. வாங்கி வந்த மீன் வைத்த மாலுபாணில் அப்போதுதான் ஒரு கடி கடித்திருந்தாள். மிச்சத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்தவள், அவருடைய கையைப் பிடித்துப் பார்த்ததும் அதை மறந்து போனாள். கை ஐஸ் போல இருந்தது. நாடி ஓட்டமாக ஓடியது. இரத்த அழுத்தத்தின் மேல் எண் எண்பதைக்கூடத் தொடவில்லை.

இரத்தத்தில் கிருமி ஏறி, அழுத்தம் விழுந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாகக் களைத்துப் போகிற நிலை. டொக்டர்மார் செப்டிக் ஷொக் என்பார்கள். செய்யவேண்டியவை தனுஷியாவுக்கு மனப்பாடம். இரண்டு கையிலும் ஊசி ஏற்றி சேலைன் ஓடவிட்டாள். அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கிற மருந்தைத் தொடங்கினாள். கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கு இரத்தம் எடுத்தாள். இதெல்லாம் யாருக்கும் ஒன்றுதான். யோசிக்கவேண்டியது அடுத்த ஊசியில்தான் இருந்தது.

கிருமியைக் கொல்லுகிற மருந்தை உடனே கொடுக்கவேண்டும். ஆனால் எந்தக் கிருமி என்று ஆய்வுகூடம் சொல்வதற்கு நாள்கணக்கில் ஆகும். அதுவரை காத்திருந்தால் பதில் வரும்போது நோயாளி இருக்கமாட்டார். ஆகவே முதல் மருந்தை ஊகித்துத்தான் கொடுக்கவேண்டும். ஊகம் சரியென்றால் ஆள் பிழைக்கக்கூடும். பிழையென்றால், பிழையென்று தெரிகிற நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

நெஞ்சுப் படம் வந்தது. இரண்டு நுரையீரலிலும் பஞ்சைப் பிய்த்து எறிந்தாற்போல் வெள்ளைப் பொட்டுகள். நிமோனியா. நிமோனியாவுக்கு எல்லோரும் கொடுக்கிற ஊசி செஃப்ட்ரியாக்ஸோன். நேர்ஸ் நதீஷா கேட்காமலே அதை எடுத்துத் தட்டில் வைத்திருந்தாள். கலக்கட்டுமா என்று சிங்களத்தில் கேட்டாள். ஒரு நிமிஷம் பொறுக்கச் சொன்னாள் தனுஷியா.

ஏன் பொறுக்கச் சொன்னாள் என்று அந்த நேரத்தில் கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திராது. நிமோனியா பெரும்பாலும் ஒரு பக்கமாக உட்காரும். இது கண்ட கண்ட இடத்தில் சிதறிக் கிடந்தது. இரத்தத்தில் சீனி வேறு மீட்டரே காட்ட மறுக்கிற அளவுக்கு ஏறியிருந்தது. அவள் பேர்ணடெற்றிடம் திரும்பினாள்.

பேர்ணடெற்றிடம் கேள்வி கேட்பது சுலபம். பதிலை நிறுத்துவதுதான் கஷ்டம். சீனி வருத்தம் இருக்கிறது, குளிசை இருக்கிறது, உடம்பு நல்லாயிருக்கு என்று தோன்றினால் குளிசையை நிறுத்திவிடுவார். வேறு வருத்தம் கிடையாது. எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை. அண்மையில் ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை, இந்தியா போகவில்லை, பக்கத்து வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. கோயில் திருநாளுக்கும் கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர், இந்த மாதம் எல்லா வேலையும் கொட்டாஞ்சேனைக்குள்ளேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பூசை முடிந்ததும் மாளிகாவத்தைக்குப் போவார். அங்கே மாடிவீட்டில் இருக்கிற ரிஸ்கான் அவருடைய பழைய கூட்டாளி, புறக்கோட்டையில் வயரும் பல்பும் விற்கிறவர். இரண்டு பேரும் பொழுதுபடும்வரை பலகையில் காய் தட்டிக் கரம் விளையாடுவார்கள்.

"அதைவிட்டா இவர் எங்கயும் போறேல்லை, டொக்டர் பிள்ளை," என்றாள் பேர்ணடெற். "வேற இடம் போறதெண்டா எனக்குச் சொல்லாமப் போகமாட்டார்."

தனுஷியா போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தாள்.

குதிக்காலிலும் விரல்களிலும் சின்னச் சின்ன வெட்டுக் காயங்கள். சில காய்ந்திருந்தன, சில இன்னும் சிவந்திருந்தன. முழங்காலுக்குக் கீழே ஒரு கீறல், அதன்மேல் ஓரம் கிளம்பிய பிளாஸ்டர். விரல் இடுக்கெல்லாம் தோல் ஊறி உரிந்திருந்தது. பெருவிரல் நகத்துக்கு அடியில் மஞ்சள் மண் ஒட்டிப் பிடித்திருந்தது. பிளாஸ்டரைப் பற்றிக் கேட்டதற்கு, மாளிகாவத்தை மாடிப்படியில் இடறி விழுந்ததாக அவர் சொன்னார் என்றாள் பேர்ணடெற். அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

தனுஷியா குனிந்து நோயாளியின் காதருகில் போனாள். கடைசியாக ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள் என்று கேட்டாள். ஸ்ரனிஸ்லாஸ் பெரும் பாடுபட்டுக் கண்ணைத் திறந்தார். டொக்டரைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"கரம்," என்றார். "ரிஸ்கான் வீட்டில... கரம்." பிறகு கண் மூடிக்கொண்டது.

என்ன நாள், என்ன மாதம் என்று சொல்லத் தெரியாத மனுஷனுக்கு அது மட்டும் தெளிவாக நினைவிருந்தது. தனுஷியாவுக்கு அது பிடிக்கவில்லை. அவள் பேர்ணடெற்றின் போனை வாங்கி, ரிஸ்கானின் இலக்கத்தை எடுக்கச் சொல்லி, திரைக்கு அப்பால் போனாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் புறக்கோட்டை இரைந்துகொண்டிருந்தது. வண்டிக்கு வழிவிடச் சொல்லி, மூட்டை இழுக்கிற நாட்டாமி ஒருவர் கத்துவது கேட்டது.

"தங்கச்சி, ஸ்ரனி போன ஞாயித்துக்கெழம முழுக்க எங்கட ஊட்டுலதான் ஈந்தார்," என்றார் ரிஸ்கான், பேசுவது பேர்ணடெற் என்று நினைத்து.

"நான் இன்னும் ஒண்டும் கேக்கேல்லையே, அங்கிள்," என்றாள் தனுஷியா.

தான் டொக்டர் என்று சொன்னாள். ஸ்ரனிஸ்லாஸுக்கு நல்லாக் கடுமை என்று சொன்னாள். "இப்ப குடுக்கப்போற மருந்து சரியோ பிழையோ எண்டது நீங்கள் சொல்லுறதிலதான் இருக்கு. அவர் எங்க போனவர்?"

"அவர்ட பொஞ்சாதி பக்கத்துல ஈக்கிறாவா?"

"இல்லை."

"வத்தளைக்கு," என்றார் ரிஸ்கான். அதன் பிறகு எல்லாம் கொட்டியது. வத்தளையில் ஸ்ரனிஸ்லாஸின் தங்கை ஜசிந்தா இருக்கிறாள். களனி கங்கை பெருகியதில் அவளுடைய வீட்டுக்குள் இடுப்பளவுக்குத் தண்ணீர் ஏறி வடிந்திருந்தது. வடிந்த பிறகு வீடு முழுக்கச் சேறு. அதை அள்ளத்தான் கடந்த இரண்டு ஞாயிறும் போனார்கள். சப்பாத்து சேற்றில் புதைந்து புதைந்து வந்ததால் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நின்றார்கள். உடைந்த ஓடு, போத்தல் துண்டு எல்லாம் உள்ளே கிடந்தது. பேர்ணடெற்றும் ஜசிந்தாவும் கதைத்து ஐந்து வருஷம். அதனால்தான் வீட்டில் சொல்லவில்லை.

போனார்கள் என்றால் யார் யார் என்று கேட்டாள் தனுஷியா. தானும்தான் என்றார் ரிஸ்கான். "அப்ப டொக்டர், எனக்கும் ஏதாவது வருமா?"

காய்ச்சல் இருக்கிறதா, சீனி இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்றார். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வரவேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வெள்ளச் சேறு என்றதும் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது எலிக்காய்ச்சல். அதற்குச் செஃப்ட்ரியாக்ஸோன் போதும். ஆனால் மண்ணிலும் சேற்றிலும் வாழுகிற இன்னொரு கிருமி உண்டு. காலில் ஒரு வெட்டு கிடைத்தால் அதன் வழியாக ஏறும், சீனி வருத்தக்காரரைத் தேடிப் பிடிக்கும், நுரையீரல் முழுக்கச் சிதறும். மெலியோய்டோசிஸ் என்று அந்த வருத்தத்துக்குப் பெயர். வழக்கமான ஊசிகள் அதன் பக்கத்திலும் போகாது. கேட்கிற மருந்துகள் இரண்டு மூன்றுதான். இவ்வளவு மோசமான நிலையில் கொடுக்கக்கூடியது மெரோபெனம். அது பூட்டிய அலுமாரியில் இருந்தது. கண்டபடி கொடுத்தால் நாளைக்கு அதற்கும் அடங்காத கிருமி உருவாகிவிடும் என்பதால், நுண்ணுயிர் நிபுணர் டொக்டர் ஷஹீமாவின் சொல் இல்லாமல் அந்த அலுமாரி திறக்காது.

ஷஹீமாவுக்குப் போன் பண்ணுவதென்றால் ரெஜிஸ்ட்ரார்மார் சொல்லவேண்டியதை முதலில் தாளில் எழுதி வைத்துக்கொள்வார்கள். மெரோபெனம் கேட்டுப் போனவர்களில் பாதிப்பேர், ஏன் கேட்டோம் என்று தங்களையே கேட்டுக்கொண்டு திரும்புவார்கள்.

"எல்லாருக்கும் மெரோபெனம் வேணும்," என்றார் ஷஹீமா, நோயாளியின் பெயரைக்கூடக் கேட்காமல். "நிமோனியாக்கு எதுக்கு?"

தனுஷியா சீனியைச் சொன்னாள், நெஞ்சுப் படத்தைச் சொன்னாள், வத்தளையைச் சொன்னாள். காலைப் பற்றிச் சொல்லும்போது மறுபக்கத்தில் நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது.

"வெறுங்காலா? எத்தன தரம்?"

"ரெண்டு ஞாயிறு. கடைசியாப் போன ஞாயிறு."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"மெலியோய்டோசிஸ் எண்டு நினைக்கிறன். நிச்சயமில்லை, மடம்."

"நிச்சயமாத் தெரிய நாளாகும். அதுவரைக்கும் அந்த மனுஷன் இருக்கோணுமே. குடுங்க. எலிக்காய்ச்சலுக்கு டொக்ஸியும் சேர்த்துக் குடுங்க. ரெத்தம் அனுப்பக்குள்ள சேத்துக் கிருமி எண்டு மேல எழுதி விடுங்க, லாப்ல எங்கட பிள்ளைகள் கவனமாக் கையாளோணும்."

பேச்சு முடிந்தது. இவ்வளவுக்கும் முதல் சேலைன் போத்தல் இன்னும் வடிந்து முடியவில்லை. நதீஷா தட்டிலிருந்த ஊசியைத் திரும்ப வைத்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

மருந்து ஏறத் தொடங்கியதும் பேர்ணடெற் கேட்டாள், ஏன் ஊசியை மாற்றினீர்கள் என்று. தனுஷியா வாயைத் திறப்பதற்கு முன் நிறைய யோசித்தாள். ஒரு மனுஷன் உயிர் போகிற நேரத்திலும் காப்பாற்றிய இரகசியம் அது. அதை விற்கத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது. அவர் அழுக்குத் தண்ணீரில் நின்றிருக்கலாம், அதனால் வந்த கிருமியாக இருக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

பேர்ணடெற் காலைப் பார்த்தாள், நகத்து மண்ணைப் பார்த்தாள். வத்தளையில் வெள்ளம் ஏறியதை அவளும் கேள்விப்பட்டிருந்தாள். அன்று காலையில் முதல் தடவையாக அவளிடம் பேச்சு நின்றுபோனது.

"வத்தளைக்கோ போனவர்?" என்றாள் கடைசியில்.

தனுஷியா சேலைன் குழாயைச் சரிபார்க்கத் திரும்பினாள். அதுவே பதிலாகப் போயிற்று. பேர்ணடெற் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, ஐந்து வருஷக் கதையைத் தானாகவே சொன்னாள். ஜசிந்தாவின் மகளுடைய கல்யாணத்துக்கு அவள் ஒரு மாதம் மெனக்கெட்டு, உலர்பழமும் முந்திரியும் போட்ட றிச் கேக் செய்து, துண்டு துண்டாகச் சுற்றிக் கொடுத்திருந்தாள். ஜசிந்தா ஹோட்டல் கேக்கை விருந்தாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, இவளுடைய கேக்கை பஸ் டிரைவர்மாருக்குக் கொடுத்தாளாம். அன்றோடு அந்த வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று சொன்னவள் பேர்ணடெற். புருஷனும் மிதிக்கக்கூடாது என்று சொன்னவளும் அவள்தான்.

"தங்கச்சியின்ர வீட்டில சேறு அள்ளப் போறனெண்டு சொல்லியிருந்தா நான் என்ன, வேண்டாமெண்டோ சொல்லியிருப்பன்?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. பேர்ணடெற் மூக்கைச் சீறிக்கொண்டு, புருஷனுடைய பாதத்தைப் போர்வையால் மூடி விட்டாள்.

மத்தியானம் ஸ்ரனிஸ்லாஸ் இன்னும் மோசமானார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அழுத்த மருந்தை ஏற்றிக்கொண்டே போனார்கள், மூச்சுக்கு மெஷின் தயாராக நின்றது. தனுஷியா ஏதோ ஒரு சாட்டு வைத்து அந்தப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தாள். தான் நினைத்தது பிழையாக இருந்தால்? வேறொரு கிருமி உள்ளே சிரித்துக்கொண்டிருந்தால்? நகத்து மண்ணைக் கண்டு கதை கட்டிவிட்டோமோ என்றுகூட யோசித்தாள். ஷஹீமா தன் ஆய்வுகூடத்திலிருந்து இறங்கி வந்து கட்டிலருகில் நின்றதை அன்றைக்குத்தான் பலரும் முதலில் கண்டார்கள். நோயாளியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், தனுஷியாவைப் பார்த்தார். போய் எதையாவது சாப்பிடும்படி சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை ரிஸ்கான் வந்தார். அவரோடு ஜசிந்தாவும் வந்தாள். இருவரையும் நடைபாதையில் கண்டதும் பேர்ணடெற் எழுந்து நின்றாள். ஜசிந்தா நாலு எட்டு தள்ளி நின்றுவிட்டாள். அண்ணனைத் தான் கூப்பிடவில்லை என்றாள், தானாக வந்தார் என்றாள். போகச் சொல்லியும் கேட்கவில்லை என்றாள். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

"இப்ப எங்க படுக்கிறீர்?" என்று கேட்டாள் பேர்ணடெற்.

பக்கத்து வீட்டு மாடியில், என்றாள் ஜசிந்தா. பாய் ஈரம், புருஷனுக்கு இருமல்.

"இருமலோ? சீனி இருக்கோ அவருக்கு?" பேர்ணடெற் அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தனுஷியாவைத் தேடிப் போனாள். ஒரே நாளில் அவள் வார்ட்டில் பாதி டொக்டராகியிருந்தாள். ஜசிந்தாவின் புருஷனை அன்றே கூட்டிவரச் சொல்லிப் பார்த்தார்கள். வெறும் சளித் தடிமன். அவருக்குச் சீனியும் இல்லை. ரிஸ்கானுக்கும் ஒன்றும் இல்லை. ஆனாலும் தன்னை ஒரு தரம் படம் எடுத்துப் பார்க்கும்படி அவர் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டார்.

சனிக்கிழமை காலை ஷஹீமாவே போன் பண்ணினார். இரத்தம் எடுத்து அனுப்பிய போத்தலில் கிருமி வளர்ந்துவிட்டது. ஊகித்த அதே கிருமிதான். மற்ற ஊசியைக் கொடுத்திருந்தால் தண்ணீர் கொடுத்ததற்குச் சமம் என்றார். பாராட்டு என்று எதுவும் சொல்லவில்லை. தட்டில் அது எவ்வளவு வடிவாக வளர்ந்திருக்கிறது என்று வந்து பார்க்கச் சொன்னார். தனுஷியா போய்ப் பார்த்தாள். வடிவாகத் தெரியவில்லை. இருந்தாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று பின்னேரம் அழுத்த மருந்தைக் குறைக்க முடிந்தது. மெஷின் தேவைப்படவேயில்லை. அடுத்த வாரம் ஸ்ரனிஸ்லாஸ் எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டார். சூப்போடு மனைவி வருவதைக் கண்டதும் முகம் மாறியது. தனுஷியாவின் கையைப் பிடித்து, மெல்லிய குரலில், இவளுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"எல்லாம் தெரியும், அங்கிள்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சாவுக்குப் பயந்ததைவிட இதற்குத்தான் கூடப் பயந்தார் போலிருந்தது. பேர்ணடெற் சூப்பை ஆற்றி, கரண்டியை அவருடைய வாய்க்குக் கொண்டுபோய், ஒரே ஒரு வசனம் சொன்னாள். இனிச் சேறு அள்ளப் போனால் தன்னையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றாள். அவர் வாயைத் திறந்தார், சூப்புக்கா பதிலுக்கா என்று தெரியவில்லை. கரண்டி உள்ளே போய்விட்டது.

ஊசி பல வாரம் நீண்டது. அதன் பிறகு மாதக்கணக்கில் குளிசை. வீடு காயும்வரை ஜசிந்தாவும் புருஷனும் கொட்டாஞ்சேனையில் பேர்ணடெற்றின் முன்னறையில் இருந்தார்கள். அங்கே என்ன நடக்கிறது என்பதைத் தனுஷியா கிளினிக்கில் அறிந்துகொண்டாள். ஸ்ரனிஸ்லாஸ் நடுவில் உட்கார, இரண்டு பெண்களும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். குளிசை ஒழுங்காகப் போடுகிறாரா என்று தனுஷியா கேட்டாள். போடுகிறார் என்றாள் மனைவி. பின்னேரக் குளிசையை மறக்கிறார் என்றாள் தங்கை. சோறு குறைத்துவிட்டார் என்றாள் மனைவி. சோற்றுக்குப் பதில் பாண் துண்டுகளை யார் சாப்பிடுவது என்றாள் தங்கை. நித்திரை நல்லது என்றாள் ஒருத்தி, இரவெல்லாம் குறட்டை என்றாள் மற்றவள். அதன் பிறகு அவர்கள் டொக்டரை விட்டுவிட்டு ஒருவரோடொருவர் கதைக்கத் தொடங்கினார்கள்.

தனுஷியா நோயாளியிடம் திரும்பி, நீங்கள் சொல்லுங்கள் அங்கிள் என்றாள்.

ஸ்ரனிஸ்லாஸ் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சொன்னது சரி, டொக்டர்," என்றார்.

அவள் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். நுரையீரல் இரண்டு பக்கமும் துப்புரவாக இருந்தது. அடுத்த மாதத்துக் குளிசையை எழுதிக் கொடுத்து, வெளியில் காத்திருந்த அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னாள்.